சலுகை என்கிற சொல்லும் செங்கல்பட்டு நிலமும்

"அவனுங்களுக்கு என்னப்பா, கவர்மெண்டு எல்லாத்தையும் தூக்கிக் குடுக்குது."

டீக்கடை பெஞ்சிலிருந்து பல்கலைக்கழகக் கருத்தரங்கு வரைக்கும் இந்த வாக்கியம் நம்மைத் துரத்திக்கொண்டே வருகிறது. டீக்கடையில் பச்சையாகச் சொல்கிறார்கள். கருத்தரங்கில் அதையே தகுதி, திறமை, சுயமுயற்சி என்று பாலீஷ் போட்டுச் சொல்கிறார்கள். இந்த வாக்கியத்துக்கு இன்னொரு பாதியும் உண்டு. "நாங்கள்லாம் யார் தயவுலயும் வரல. சொந்தக் கால்ல நின்னு வந்தோம்" என்பது அது.

முதல் பாதிக்கு நாம் தொண்டை வற்றப் பதில் சொல்லியாகிவிட்டது. இடஒதுக்கீடு ஏன் என்று எத்தனை துண்டறிக்கை, எத்தனை மேடை! இரண்டாவது பாதியை மட்டும் நாம் சும்மா விட்டுவிட்டோம். அந்தச் சொந்தக் கால் எந்த மண்ணில் ஊன்றி நிற்கிறது? அந்த மண்ணை யார் கொடுத்தது? தண்ணீரை யார் கொண்டுவந்து விட்டது? இதைக் கேட்காத வரைக்கும் வாங்குகிறவன் நாம், சம்பாதிக்கிறவன் அவன் என்கிற கணக்கு மாறாது.

பழைய செங்கல்பட்டு ஜில்லாவை வைத்து இந்தக் கணக்கைப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன். நான் இயக்க வேலையாக அலைகிற மண் என்பது ஒரு காரணம். நிலம் யாருக்குப் போனது, யாருக்குப் போகாமல் தடுக்கப்பட்டது என்பது கல்லிலும் காகிதத்திலும் பதிவாகியிருக்கிற ஜில்லா என்பது இன்னொரு காரணம்.

1

குடவோலை முறையை எல்லோரும் பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் முதலாம் பராந்தகன் காலத்தவை, 919லும் 921லும் வெட்டப்பட்டவை. தமிழனின் ஜனநாயகம் என்று இன்றைக்கும் மேடையில் முழங்குகிறார்கள். எம்.ஏ. வகுப்பில் எங்களுக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். யார் பெயரைக் குடத்தில் போடலாம் என்று அந்தக் கல்வெட்டு சொல்கிற இடம் வந்தால் மட்டும் வேகமாகத் தாண்டிப் போய்விடுவார்கள்.

வரி கட்டுகிற நிலம் கால் வேலிக்கு மேல் இருக்க வேண்டும். சொந்த மனையில் வீடு கட்டிக் குடியிருக்க வேண்டும். வேதம் தெரிந்திருக்க வேண்டும். இதுதான் தகுதி.

உத்திரமேரூர் ஒரு சதுர்வேதிமங்கலம், பிரமதேயம். அரசன் பிராமணர்களுக்குத் தானமாக விட்ட ஊர். அங்கே நிலம் தானம், மனை தானம், வேதம் ஓதுவதற்கு விட்ட மானியமும் தானம். அரசு கையில் வாங்கிக்கொண்டதையே தகுதி என்று காட்டி, அந்தத் தகுதியை வைத்து அதிகாரத்துக்கு வந்தார்கள். அந்த நிலத்தில் உழுதவனுக்கும், ஏரிக்கு மண் சுமந்தவனுக்கும் குடமும் கிடையாது, ஓலையும் கிடையாது. அரசு கொடுப்பது சில தலைமுறைக்குள் பரம்பரைத் தகுதியாக மாறிவிடுகிற வித்தை ஆயிரம் வருடத்துக்கு முன்பே இங்கே நடந்திருக்கிறது.

சொந்த மனை என்கிற நிபந்தனையை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். சேரியின் கதைக்கு அது தேவைப்படும்.

2

கம்பெனிக்காரன் வந்தான். இந்த ஜில்லாவை ஜாகீர் என்று கூப்பிட்டான். 1794 முதல் 1798 வரை இங்கே கலெக்டராக இருந்த லயனல் பிளேஸும், அவருக்குப் பிறகு எல்லிஸும் மிராசு உரிமையைத் தோண்டித் துருவி எழுதிவைத்தார்கள். மிராசு என்றால் ஊர் நிலத்தில் பரம்பரைப் பங்கு. தொண்டை மண்டலத்தில் அந்தப் பங்கு பெரும்பாலும் வேளாளர் கையிலும் பிராமணர் கையிலும் இருந்தது.

வெள்ளைக்கார அரசாங்கம் இந்தப் பங்கைத் தொடவில்லை. அதற்குக் காகிதமும் முத்திரையும் கொடுத்துக் கெட்டிப்படுத்தியது. ஊரில் தரிசு கிடந்தால், 'எனக்குச் சாகுபடிக்கு வேண்டும்' என்று மனுப் போடுவதற்குத் தர்காஸ்து என்று பெயர். தர்காஸ்து விதியில் மிராசுதாரருக்குத்தான் முதல் உரிமை. சேரியிலிருந்து ஒருவன் துணிந்து மனுப் போட்டான் என்றால், அதே நிலத்தை மிராசுதாரர் 'எனக்கு வேண்டும்' என்று கேட்டு வாங்கிக்கொள்ளலாம். பயிர் வைக்க வேண்டும் என்கிற ஆசைகூட அவருக்கு இருக்க வேண்டியதில்லை. சேரிக்காரன் கையில் நிலம் போய்விட்டால் நாளைக்குத் தன் வயலுக்கு யார் வருவான்? பிரச்சினை அதுதான்.

மிராசுதாரர் அல்லாத ஒருவர் ஊரில் சாகுபடி செய்தால் மிராசுதாரருக்கு ஒரு கட்டணம் கொடுக்க வேண்டும். உழைக்காமல் வருகிற அந்த வருமானத்துக்கு இந்த ஜில்லாவில் என்ன பெயர் தெரியுமா? 'சுதந்திரம்.' தமிழ் படித்தவன் என்கிற முறையில் சொல்கிறேன், இதைவிடப் பொருத்தமான சொல் அமையாது. ஒருவருடைய சுதந்திரம் இன்னொருவர் கொடுக்கிற வசூல்.

இனாம் கதையும் உண்டு. 1858ல் அமைத்த இனாம் கமிஷன், பழைய அரசர்கள் விட்ட மானியங்களை ஒவ்வொன்றாக விசாரித்து உறுதிப்படுத்தி ஆவணம் கொடுத்தது. அந்த நிலங்களுக்கு முழுத் தீர்வை கிடையாது, குறைந்த வரிதான். அரசாங்கத்துக்கு வர வேண்டிய பணத்தை அரசாங்கமே தலைமுறை தலைமுறையாக விட்டுக்கொடுத்தது. அதை ஒருத்தரும் சலுகை என்று சொன்னதில்லை. மானியம் என்றார்கள், மரியாதை என்றார்கள்.

தண்ணீருக்கு வருவோம். செங்கல்பட்டு ஏரி மாவட்டம். ஏரி இல்லாமல் நஞ்சை இல்லை. மதகைத் திறந்து மூடி வயல் வயலாகத் தண்ணீர் பாய்ச்சியவர்கள் நீர்க்கட்டிகள், கம்புகட்டிகள். இங்கே பெரும்பாலும் நம்ம சனங்கள். கரை உடைப்பெடுத்தால் ஆளைக் கட்டாய வேலைக்கு இழுப்பதற்கு 1858ல் முதலாம் சட்டம் என்றே ஒன்று போட்டார்கள். மண் சுமக்கப் போனவன் சேரிக்காரன். விளைந்த நெல் போனது மிராசுதாரர் களத்துக்கு.

அரசன் கொடுத்த நிலம், கம்பெனி கொடுத்த காகிதம், தள்ளுபடியான தீர்வை, சட்டம் போட்டுப் பிடித்துவந்த ஆள். இத்தனையும் சேர்ந்ததுதான் அந்தச் 'சொந்தக் கால்.'

3

அடிமை முறை 1843ஆம் வருடத்து ஐந்தாம் சட்டத்தோடு ஒழிந்தது என்று சரித்திரப் புத்தகத்தில் இருக்கிறது. 1862ல் அமலுக்கு வந்த தண்டனைச் சட்டம் அடிமை வைத்திருப்பதைக் குற்றமாக்கியது என்றும் இருக்கிறது. சேரியில் நடந்தது வேறு. அப்பன் வாங்கிய கடனுக்குப் பிள்ளை படியாளாகப் போனான். கல்யாணத்துக்கு வாங்கிய பத்து ரூபாய் மூன்று தலைமுறையைக் கட்டிப்போட்டது.

1891ல் ஜில்லாவின் தற்காலிகக் கலெக்டராக இருந்தவர் திரமென்ஹீர். மிஷனரிகள் கொடுத்த நெருக்கடியும் இருந்தது. அவர் பறையர் நிலைமை பற்றி அரசாங்கத்துக்கு ஓர் அறிக்கை எழுதினார். கூலி, சாப்பாடு, கடன், தரிசு மறுக்கப்படுவது எல்லாம் அதில் வந்தது. அவர் அழுத்திச் சொன்ன விஷயங்களில் ஒன்று மனை. சேரி இருந்த மண்ணே மிராசுதாரருடையது. கூலி போதவில்லை என்று ஒருவன் வாய் திறந்தால், "எழுந்து போடா என் மண்ணை விட்டு" என்று சொன்னால் போதும். குடிசையைப் பிரித்துத் தலையில் வைத்துக்கொண்டு போக வேண்டியதுதான். உத்திரமேரூரில் தகுதியாகக் கேட்ட சொந்த மனை, 970 வருடம் கழித்தும் அதே ஜில்லாவில் சேரிக்காரனுக்கு இல்லை.

அறிக்கையைப் பார்த்த ரெவின்யூ போர்டு அதிகாரிகளுக்கு அது ரசிக்கவில்லை. மிராசுதாரருக்கும் பண்ணையாளுக்கும் இடையில் இருப்பது சுமுகமான உறவு, அதற்குள் அரசாங்கம் கையை வைக்கக் கூடாது என்பது அவர்கள் போக்கு. மிராசுதாரரின் முதல் உரிமையைக் காப்பாற்ற நூறு வருடமாகக் கையை வைத்துக்கொண்டிருந்த அதே அரசாங்கம் இது!

இழுபறிக்குப் பிறகு 1892 செப்டம்பர் 30ஆம் தேதி 1010ஆம் எண் அரசாணை வந்தது. ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்குத் தரிசு நிலம் ஒப்படை செய்வதற்கு அது வழி திறந்தது. பஞ்சமி நிலம் என்று இன்று நாம் சொல்வது இந்த வழியில் வந்த நிலத்தைத்தான். மாகாணம் முழுக்க 12 லட்சம் ஏக்கர் என்று இயக்கங்கள் சொல்லிவருகின்றன. வேறு சாதிக்காரருக்கு விற்கக் கூடாது என்று பிற்பாடு நிபந்தனை எழுதினார்கள். நிபந்தனை காகிதத்தில் இருந்தது. கடனுக்கும், கல்யாணத்துக்கும், கைநாட்டு வாங்கிய வெற்றுத்தாளுக்கும் நிலம் கைமாறியது. "எங்க தாத்தா நெலம் அதோ, அந்த மாந்தோப்பு இருக்குதே, அதுதான்" என்று கை நீட்டிக் காட்டுகிற பெரியவர்களை இந்த ஜில்லாவில் எந்தச் சேரியில் வேண்டுமானாலும் பார்க்கலாம். அந்த மாந்தோப்புக்காரர்தான் சொந்தக் காலில் நின்று வந்ததாகச் சொல்கிறவர்.

அந்தக் காலத்து நம் தலைவர்களுக்கு இந்தச் சூட்சுமம் நன்றாகத் தெரிந்திருந்தது. 1893ல் ஐ.சி.எஸ். பரீட்சையை இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்று காங்கிரஸ்காரர்கள் கேட்டபோது, ரெட்டைமலை சீனிவாசன் 3,412 பேரிடம் கையெழுத்து வாங்கி, 112 அடி நீள மனுவை லண்டனுக்கு அனுப்பி எதிர்த்தார். தேசத் துரோகம் என்று இன்றைக்கும் சொல்கிறவர்கள் உண்டு. பள்ளிக்கூட வாசலை யாருக்குத் திறந்து வைத்திருந்தார்களோ அவர்கள்தான் பரீட்சையில் ஜெயிப்பார்கள், ஜெயித்தவன் நாளைக்கு நம் தலைமேல் கலெக்டராக உட்காருவான் என்று அந்த மனிதர் கண்டுகொண்டார். போட்டி என்று சொல்லப்படுவது எங்கே தொடங்குகிறது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

4

நமக்குக் கொஞ்சம் கொடுக்க வந்தபோது எப்படிக் கொடுத்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும்.

1919ல் ஒடுக்கப்பட்ட வகுப்பினரின் பாதுகாவலர் என்று ஓர் அதிகாரியைப் போட்டார்கள். அடுத்த வருடம் அது லேபர் கமிஷனர் பதவியாகி, லேபர் டிபார்ட்மெண்டாக வளர்ந்தது. பள்ளிக்கூடம், கிணறு, சுடுகாட்டுப் பாதை, வீட்டுமனை ஆகியவை அதன் வேலை. மனைத் திட்டம் நடந்த விதம் இது. நிலச் சொந்தக்காரருக்கு நஷ்டஈடு கொடுத்து இடத்தை எடுப்பார்கள். குடியிருக்கப் போகிற ஆதிதிராவிடர்கள் கூட்டுறவுச் சங்கம் அமைக்க வேண்டும். மனையின் விலை அவர்கள் பேரில் கடனாக நிற்கும். அதைத் தவணை தவணையாகக் கட்ட வேண்டும். கூடவே சிக்கனமாயிரு, குடிக்காதே, சேமிக்கக் கற்றுக்கொள், சுயமாக நில் என்று உபதேசம்.

தலைமுறை தலைமுறையாக அந்த மண்ணில் குடியிருந்தவன், அந்த மண்ணை விளைய வைத்தவன், தன் குடிசை நிற்கிற இடத்துக்குத் தவணை கட்டினான். மிராசுதாரருக்கு முதல் உரிமையில் தரிசு கொடுத்தபோது எந்தக் கலெக்டராவது போய் 'சிக்கனமாயிரு' என்று பாடம் நடத்தினாரா? இனாம்தாரரைக் கூப்பிட்டு 'சுயமாக நில்' என்றார்களா? மேலே இருப்பவனுக்குக் கொடுக்கும்போது அது உரிமை. கீழே இருப்பவனுக்குக் கொடுக்கும்போது அது பாடம். சுயசார்பு என்கிற உபதேசத்தை நமக்கு மட்டும் தனியாக எடுத்துவைத்திருந்தார்கள்.

இந்தச் சொற்பத்துக்கே கூச்சல் எழுந்தது. 1921ல் பெரம்பூர் பி அண்டு சி மில் வேலைநிறுத்தம். ஆதிதிராவிடத் தொழிலாளர்கள் வேலைக்குத் திரும்பினார்கள். புளியந்தோப்பில் கலவரம், குடிசைகள் எரிந்தன. நீதிக்கட்சித் தலைவர்கள் யார்மேல் பழி போட்டார்கள்? லேபர் டிபார்ட்மெண்ட் ஆதிதிராவிடர்களுக்குச் செல்லம் கொடுத்துக் கெடுக்கிறது என்று சட்டசபை வரைக்கும் பேசினார்கள். அதே 1921 செப்டம்பரில்தான் முதல் வகுப்புவாரி அரசாணையும் வந்தது. தங்களுக்கு அரசாங்க வேலையில் பங்கு கேட்பது நியாயம், சேரிக்குக் கிணறு வெட்டுவது செல்லம்! எம்.சி. ராஜா 1923ல் நீதிக்கட்சியை விட்டு வெளியேறியதை இந்தப் பின்னணியில்தான் படிக்க வேண்டும். வகுப்புவாரி உரிமையை நான் குறைத்துப் பேசவில்லை. அதனால் நாமும் பயன் பெற்றிருக்கிறோம். ஆனால் 'சலுகை', 'செல்லம்' என்கிற வசவு அக்கிரகாரத்திலிருந்து மட்டும் வரவில்லை என்பதையும் எழுதிவைக்க வேண்டியிருக்கிறது.

5

இதெல்லாம் பழைய கதை, சுதந்திரத்துக்கு அப்புறம் எல்லாம் மாறிடுச்சு என்பார்கள். சரி, பார்ப்போம்.

1942ல் வைசிராய் கவுன்சிலில் உறுப்பினராக இருந்த அண்ணல் அம்பேத்கர், பட்டியல் சாதியினரின் குறைகளைத் தொகுத்து அரசாங்கத்திடம் ஒரு மனுக் கொடுத்தார். பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்துக்கும் அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகத்துக்கும் வருடா வருடம் 3 லட்சம் ரூபாய் கொடுக்கிறீர்களே, எங்கள் பிள்ளைகளின் மேற்படிப்புக்கு என்ன கொடுக்கிறீர்கள் என்பது அவர் எழுப்பிய கேள்வி. கவனியுங்கள், அவர் கருணை கேட்கவில்லை, கணக்குக் கேட்டார். 1944ல் கல்வி உதவித்தொகைத் திட்டம் வந்தது அந்தக் கணக்கினால்தான்.

செங்கல்பட்டு ஜில்லாவின் தலைமையிடம் அந்தக் காலத்தில் சைதாப்பேட்டை. அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் கிண்டிக் காட்டில் 600 ஏக்கருக்கு மேல் நிலம் கொடுத்து, மேற்கு ஜெர்மனியின் உதவியோடு 1959ல் ஐ.ஐ.டி. தொடங்கினார்கள். நிலமும் பணமும் மக்களுடையது. பட்டியல் சாதியினருக்கு அங்கே இடஒதுக்கீடு வந்தது 1973ல். அந்தப் பதினான்கு வருடம் மக்கள் பணத்தில் படித்துவிட்டு வெளிநாடு போனவர்களில் யாராவது, "நான் அரசாங்க உதவியில் படித்தேன்" என்று சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? 'மெரிட்' என்பார்கள்.

1990 முதல் தமிழ்நாட்டில் விவசாய பம்புசெட்டுக்கு இலவச மின்சாரம். வேண்டியதுதான், நான் எதிர்க்கவில்லை. ஆனால் பம்புசெட்டு வேண்டுமென்றால் கிணறு வேண்டும், கிணற்றுக்கு நிலம் வேண்டும். 2021 பிப்ரவரியில் கூட்டுறவு வங்கிப் பயிர்க்கடன் 12,110 கோடி ரூபாயைத் தள்ளுபடி செய்தார்கள். பயிர்க்கடன் வாங்கச் சிட்டா அடங்கல் வேண்டும். களையெடுக்கிற பெண்ணுக்குச் சிட்டா ஏது? மாநிலத்தின் மக்கள்தொகையில் ஐந்தில் ஒரு பங்கு நாம் என்று 2011 கணக்கெடுப்பு சொல்கிறது. நம்மில் பெரும்பாலோர் கூலிக்காரர்கள். நிலத்தின் வழியாக அரசாங்கம் கொடுக்கிற எதுவும் நம் வீட்டு வாசலைத் தாண்டித்தான் போகிறது, உள்ளே வருவதில்லை. 1892ல் நிலம் உறுதியாகக் கைக்கு வந்திருந்தால் இந்த மின்சாரமும் தள்ளுபடியும் நமக்கும் வந்திருக்கும். ஒரு தடவை மறுக்கப்பட்ட நிலம் ஒவ்வொரு புதுத் திட்டத்திலும் மறுபடி மறுபடி மறுக்கப்படுகிறது. ஒரு தடவை கொடுக்கப்பட்ட நிலம் ஒவ்வொரு திட்டத்திலும் குட்டி போடுகிறது.

கடைசியாக 2019ல் 103ஆவது திருத்தம். முன்னேறிய சாதி ஏழைகளுக்குப் பத்து சதவீதம். 2022 நவம்பர் 7ஆம் தேதி உச்ச நீதிமன்றம் மூன்றுக்கு இரண்டு என்று அதை ஒப்புக்கொண்டது. நம்ம வீட்டு ஏழைக்கு அதில் இடமில்லை. அந்த ஏழையின் வருமான வரம்பு வருடத்துக்கு 8 லட்சம். 2021ல் மத்திய அரசு திருத்தி வெளியிட்ட விதிப்படி, பட்டியல் சாதி மாணவன் மேற்படிப்பு உதவித்தொகை வாங்க வேண்டுமென்றால் பெற்றோர் வருமானம் இரண்டரை லட்சத்தைத் தாண்டக் கூடாது. ஒரே அரசாங்கத்தின் கையில் வறுமைக்கு இரண்டு அளவுகோல். இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

6

நம்ம பக்கமும் ஒன்று சொல்ல வேண்டும்.

ஆதிதிராவிடர் நல விடுதியில் தங்கிப் படித்த பிள்ளைகள் பலரை எனக்குத் தெரியும். நானும் அந்த விடுதிச் சோற்றில் படித்தவன்தான். கல்லூரியில் நோட்டீஸ் போர்டில் உதவித்தொகைப் பட்டியல் ஒட்டினால், கூட்டம் கலைந்த பிறகு போய்ப் பெயரைத் தேடுகிற பிள்ளைகள் இன்றைக்கும் இருக்கிறார்கள். அந்தக் கூச்சம் தானாக வந்ததில்லை. நூறு வருடமாகச் சொல்லிச் சொல்லி உள்ளே இறக்கியது. இன்னொரு பக்கம், படித்து வேலைக்குப் போய் டவுனில் வீடு கட்டின பிறகு, "நான் யார் உதவியும் இல்லாம என் உழைப்பால வந்தேன், நம்ம ஆளுங்கதான் உழைக்க மாட்டேங்கிறாங்க" என்று பேசுகிற நம்மவர்களும் இருக்கிறார்கள். கூச்சமும் இந்தப் பெருமையும் ஒரே மரத்துக் காய். அரசாங்கம் கொடுப்பது கேவலம் என்கிற எஜமானனின் பாடத்தை இரண்டு பேருமே மனப்பாடம் செய்திருக்கிறார்கள்.

அம்பேத்கர் பரோடா மன்னரின் உதவித்தொகையில் 1913ல் கொலம்பியாவுக்குப் போனார். அதை அவர் மறைத்ததும் இல்லை, அதற்காகத் தலைகுனிந்ததும் இல்லை. தனக்குக் கிடைத்ததைத் தன் சனம் முழுவதற்கும் உரிமையாகக் கேட்டார். யாரும் யார் துணையும் இல்லாமல் வளர்ந்ததில்லை. யாருக்குக் கிடைத்த துணைக்கு மரியாதை, யாருக்குக் கிடைத்த துணைக்கு அவமானம் என்பதைத்தான் சாதி தீர்மானிக்கிறது.

1994 அக்டோபர் 10ஆம் தேதி, காரணைப் பஞ்சமி நிலத்தைக் கேட்டுச் செங்கல்பட்டில் நடந்த போராட்டத்தில் போலீஸ் சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை என்கிற இரண்டு பேர் செத்தார்கள். அரசாங்கம் நூறு வருடத்துக்கு முன்பு எழுதிக்கொடுத்த நிலத்தைத் திருப்பிக் கேட்டவர்களுக்கு அரசாங்கம் கொடுத்தது குண்டு. சலுகை வாங்கிப் பழக்கப்பட்டவர்கள் என்று நம்மைச் சொல்கிறவர்கள், அந்த இரண்டு பேர் எதற்காகச் செத்தார்கள் என்றும் சொல்ல வேண்டும்.

'உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது' என்று ஒரு பழமொழி. இந்தப் பழமொழியை உழுதவன் சொல்லியிருக்க மாட்டான் என்று எனக்கு நீண்ட நாளாகச் சந்தேகம். உழுதவன் கணக்குப் பார்க்காமல் இருந்தால்தானே மற்றவனுக்கு மரக்கால் மரக்காலாக மிஞ்சும்?

ஆகவே தோழர்களே, கணக்குப் பார்ப்போம். இந்தக் கட்டுரையைப் படிக்கிற மாணவர்களிடம் ஒரு வேலையைக் கொடுக்கிறேன். உங்கள் ஊர் யு.டி.ஆருக்கு முந்தைய 'அ' பதிவேட்டைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்குங்கள். டி.சி. என்று குறிப்பு இருக்கிற சர்வே எண்களைத் தனியாக எழுதுங்கள். இன்றைக்கு அந்த எண்களில் யார் பெயர் இருக்கிறது, அந்த நிலத்தின் பேரில் மின் இணைப்பு யாருக்கு, பயிர்க்கடன் யாருக்கு, தள்ளுபடி யாருக்கு என்று பக்கத்திலேயே எழுதுங்கள். சேரியில் பெரியவர்கள் இருக்கும்போதே போய் உட்கார்ந்து எந்த நிலம், எப்படிப் போனது என்று கேளுங்கள். அவர்கள் போய்விட்டால் அந்தக் கணக்குப் புத்தகமும் போய்விடும்.

அடுத்த முறை யாராவது உங்களிடம் சலுகை பற்றிப் பேசினால் கோபப்பட வேண்டாம். அந்தப் பட்டியலை எடுத்து மேசைமேல் வையுங்கள்.